உடம்பில் ஊறிய டீசல்

"எழுபத்தெட்டா!" என்று அலறினார் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். அவர் இடுப்பில் கறுப்புப் பட்டையில் தொங்கிய சின்னப் பெட்டி ஒன்றும் அறியாததுபோல் பச்சை விளக்கைச் சிமிட்டியது.

தூசும் புகையும் மனிதர்களை என்ன பாடு படுத்துகின்றன என்று ஆராய்கிற பெண் ஒருத்தி மாட்டிவிட்டுப் போன பெட்டி அது. காற்றில் எவ்வளவு புகை என்று அளந்து சராசரியை எண்ணாகக் காட்டும். ஒரு வாரம் அவர் போகுமிடமெல்லாம் அதுவும் வரவேண்டும். போனால் போகிறதென்று சுமந்திருப்பார். மகள்தான் நடுவில் புகுந்து பந்தயம் வைத்துவிட்டாள்.

"சராசரி நூறைத் தாண்டலைன்னா நான் வாயே திறக்க மாட்டேன்ப்பா. தாண்டிச்சுன்னா ரெண்டு பேரும் என் வீட்டுக்கு வந்துடணும்."

"என்னை விடு. உங்கம்மா இந்த வீட்டை விட்டு ஒரு நாள் இருப்பாளா?"

ஜன்னலைத் துடைத்துக்கொண்டிருந்த மனைவி துணியை உதறினாள்.

நாற்பது வருஷ வீடு. சுவரை ஒட்டி பஸ் டிப்போ. முதல் வண்டி உறுமினால்தான் அவருக்குப் பொழுது விடியும். இந்த ஜன்னல் கண்ணாடித் தூசியில்தான் மகள் விரலால் முதல் 'அ' எழுதினாள்.

மறுநாள் எல்லா ஜன்னலையும் சாத்தினார். மதியத் தூக்கம் முடிந்து பார்த்தால் நூற்றுப்பத்து.

"அதை ஏன் கட்டிக்கிட்டுத் தூங்கறீங்க? கழட்டி எங்கயாவது வெச்சுட்டு நிம்மதியாப் படுங்க" என்றாள் மனைவி.

நல்ல யோசனையாகப் பட்டது. பீரோவில் போர்வைகளுக்கு நடுவே பெட்டியைச் செருகிவிட்டுப் படுத்தார். எழுந்து பார்த்தால் நூற்றெண்பது. அடுத்த நாள் பாலித்தீன் பையில் சுற்றி, டிபன் கேரியருக்குள் போட்டு இறுக்கி மூடிவிட்டுத் தூங்கினார். இருநூற்றறுபது!

"காத்தே புகாத இடத்துல புகை எப்படிடி புகுந்துச்சு?"

"உங்க உடம்புலேருந்தே வருதோ என்னவோ. முப்பத்திரண்டு வருஷம் டீசலோட புழங்கின ஆளாச்சே."

டிரைவர் தன் கையை முகர்ந்து பார்த்தார். உண்மையாக இருக்குமோ? வேலை முடிந்து அவர் தெருமுனை திரும்பும்போதே அந்த வாசனையை வைத்துக் கதவைத் திறந்துவிடுவாளே! அன்றைக்கு அவள் முகத்தில் இருந்த சிரிப்பு ஞாபகம் வந்தது. அந்த வாசனையே இப்போது வீட்டைப் பிடுங்க வந்திருக்கிறது என்றால் எங்கே போய் முட்டிக்கொள்வது?

மூன்று வேளையும் பச்சைத் தண்ணீரில் தேய்த்துத் தேய்த்துக் குளித்தார். எண் முந்நூறைத் தாண்டியது. டீசல் போனதோ இல்லையோ, ஆறாம் நாள் இருமல் வந்துவிட்டது.

ஏழாம் நாள் மாலை மகளும் ஆராய்ச்சிப் பெண்ணும் சேர்ந்து வந்தார்கள். பெட்டி நானூற்றுப்பத்து காட்டியது. டிரைவர் வாயைத் திறந்தார். வார்த்தைக்குப் பதில் இருமல்தான் வந்தது.

ஆராய்ச்சிப் பெண் பரபரவென்று எழுதினாள். "எண் ஏற ஏற இருமலும் வந்திருக்கு. இவ்வளவு தெளிவா யாருக்குமே அமைஞ்சதில்ல சார்!"

"கிளம்புங்கப்பா" என்று மகள் அழுதேவிட்டாள்.

டிரைவர் ஜன்னலைப் பார்த்தார். கண் கலங்கியது. "நான் வந்துடுவேம்மா. உங்கம்மாதான் தாங்க மாட்டா."

"எனக்காகப் பார்க்காதீங்க" என்றாள் மனைவி, துணியை மடித்து வைத்தபடி. "நான் எப்படியோ மனசைத் தேத்திக்கறேன்."

அவளுடைய பெரிய மனசை நினைத்து டிரைவர் உருகிக்கொண்டிருந்தபோது, பக்கத்து டிப்போவின் காவலாளி வாசலில் வந்து நின்றான். அவன் கையில் ஒரு கறுப்புப் பட்டை இருந்தது.

"அக்கா, உங்க பெட்டியோட பட்டை கழண்டு வண்டிக்கு அடியிலயே கிடந்துச்சு. தினமும் மத்தியானம் புகைக்குழாய்ல காட்டினது போதுமா, இல்ல நாளைக்கும் கொண்டு வர்றீங்களா?"