கூழைக்கடா கூரியர் துப்பாக்கி ஏற்ற மறுத்த கதை

ஒரு காட்டில் கொம்பையா என்ற காட்டுப்பன்றி துப்பாக்கிக் கடை வைத்திருந்தது. வேட்டைக்காரர்கள் பயந்து ஓடும்போது போட்டுவிட்டுப் போனதையெல்லாம் பொறுக்கி, துடைத்து, எண்ணெய் போட்டு, தோட்டாவோடு விற்கும். தூரத்து ஆர்டர்களை ஏரிக்கரையில் இருந்த கூழைக்கடா கூரியர் மூலம் அனுப்பும். கூழைக்கடாவுக்கு அலகின் கீழே பெரிய பை உண்டு. பார்சலுக்கென்றே பிறந்த பறவை.

ஒருநாள் சடையன் என்ற கூழைக்கடா, மேற்கு மலைக் கரடி கருத்தமுத்துவிடம் ஒரு துப்பாக்கியைக் கொண்டுபோய்க் கொடுத்துப் படிவத்தை நீட்டியது. 'பொருள் நல்ல நிலையில் உள்ளதா என்று சரிபார்த்த பின்பே கையெழுத்திடவும்' என்று அதில் அச்சடித்திருந்தது. கரடி விதிமுறைகளை மதிக்கும் பிராணி. அங்கேயே சரிபார்த்தது.

பொருள் நல்ல நிலையில் இருந்தது. சடையனின் பையில் ஓட்டை விழுந்தது. கரடி கையெழுத்துப் போட்டது.

அதன்பின் சடையன் பிடித்த மீனெல்லாம் ஓட்டை வழியாக ஏரிக்கே திரும்பிப் போயின. மூன்றாம் நாள் பசியில் அது எழுந்திருக்கவே இல்லை. கூரியர் முதலாளி மூக்காயி அதன் கூடப்பிறந்த அக்கா. தன் வாயிலிருந்த கெண்டையைத் தம்பிக்கு ஊட்டிவிட்டு, ஆபீஸ் வாசலில் ஒரு பலகை மாட்டியது: 'துப்பாக்கி, தோட்டா ஏற்றப்படமாட்டாது. இது எங்கள் கொள்கை.'

கொம்பையா மூச்சிரைக்க வந்தது.

"என்னம்மா இது, திடீர்னு? ஓட்டை போட்டது கரடி. துப்பாக்கி என்ன பண்ணும்?"

"சரிங்க. கரடியையும் ஏத்தமாட்டோம்."

"நான் வெறும் கடைக்காரன்மா."

"என் தம்பியும் வெறும் கூரியர்தாங்க."

கொம்பையா திரும்பிப் போனது. கருத்தமுத்து இரண்டாம் முறையாகத் தோட்டா கேட்டிருந்தது. நல்ல வாடிக்கையாளர், விட மனமில்லை. தோட்டாக்களை ஓலைப்பெட்டியில் போட்டு, மேலே 'நாவற்பழம்' என்று எழுதிக்கொண்டு மறுநாள் வந்தது.

மூக்காயி பெட்டியைத் தூக்கிப் பார்த்தது. "நாவற்பழம் இவ்வளவு கனமா?"

"கொட்டை பெரிசு."

பார்சல் போய்ச் சேர்ந்தது. பெட்டிமேல் எழுதியிருந்ததைக் கருத்தமுத்து படித்தது. நாவற்பழம் என்றால் அதற்கு உயிர். பெட்டியைத் திறந்து ஒரு பிடி அள்ளி வாயில் போட்டுக் கடித்தது. முன்பல் இரண்டும் போயின.

துப்பாக்கியில் மிச்சத் தோட்டாவைப் போட்டுக்கொண்டு அது நேரே கடைக்கு வந்தது.

"நாவல்பழம்னு எழுதித் தோட்டா அனுப்பியிருக்கே!"

"அண்ணே, நீங்க கேட்டதே தோட்டாதானே?"

"கேட்டேன். எழுத்தைப் பார்த்ததும் பழம்தான் கேட்டோம்னு தோணிப்போச்சு," என்று துப்பாக்கியை நீட்டியது கரடி.

கொம்பையா பின்வாசல் வழியாகப் பாய்ந்து கூரியர் ஆபீசில் போய் விழுந்தது. "தாயே, என்னை எப்படியாவது பக்கத்துக் காட்டுக்கு அனுப்பிவிடு!"

மூக்காயி அதன் வாயோரத்தைப் பார்த்தது. இரண்டு கோரைப்பற்கள் வெள்ளையாக வளைந்து நின்றன. "கூரான ஆயுதம் இருக்கே. ஏத்தமாட்டோம்."

கொம்பையா நடந்தே அந்தக் காட்டை விட்டுப் போனது. நடந்தது என்று சொல்வது மரியாதைக்கு. ஓடியது.

கடை கரடியின் கைக்கு வந்தது. அடுத்த வாரம் கருத்தமுத்து, துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு கூரியர் ஆபீசுக்கு வந்தது. சடையன் மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்தது.

"பார்சல் அனுப்பணும்."

"என்ன பார்சலுங்க?"

"துப்பாக்கி."

மூக்காயி பலகையைப் பார்த்தது. கரடியின் தோளைப் பார்த்தது. மேசைக்கு அடியில் தம்பியின் வால் நடுங்குவதையும் பார்த்தது. பிறகு ஒரு புதுப் படிவத்தை எடுத்து வைத்து, எழுதுகோலை எடுத்தது.

"எத்தனைங்க அண்ணே?"

நீதி: கூரியர் ஆபீசுக்குப் போகும்போது சரக்கைப் பெட்டியில் மறைத்து எடுத்துப் போகாதே, தோளில் மாட்டிக்கொண்டு போ.