கண்டாக்கையா கழித்த மச்சங்கள்

உலகத்திலேயே ஆளெண்ணுவதுபோல ஊரார் மச்சங்களுக்குப் பெரட்டு எடுத்த ஒரே மனிதர் எங்கள் கண்டாக்கையாதான். இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. சொந்தக் கல்யாண நாளை மறந்துவிடுவார். ஆனால் தோட்டத்தில் எவருக்குக் கன்னத்தில் மச்சம், எவருக்குக் கழுத்தில் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி.

வட்டவளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் நான் சின்ன கிளாக்கர். அவர் மலையில் வேலை வாங்கும் கண்டாக்கு. சாயங்காலம் கொழுந்து நிறுக்கும் கொட்டகையான மடுவத்தில் தராசுக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவர். கூடைக்குள் கைவிட்டு ஒரு பிடி அள்ளுவார். ஒரு பார்வை. "முத்தல். கழி!" என்பார். காலையிலிருந்து மழையில் நனைந்து பறித்தவளின் நிறையில் ஒரு பங்கு அப்படியே போய்விடும். அப்பீல் கிடையாது. அவருக்கு மாற்றல் வரவேண்டுமென்று மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டவர்கள் நாங்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்துக்கு ஒருவராவது இருந்தார்கள்.

இப்படிப்பட்டவர் கண்ணிலா அந்தச் சுகாதார முகாம் சுவரொட்டி பட வேண்டும்! மச்சம் கோணலாக இருந்தால், ஓரம் பிசிறடித்தால், பல நிறம் காட்டினால், வளர்ந்தால், மாறினால் டாக்டரிடம் காட்டுங்கள் என்று அதில் போட்டிருந்தது. ஐயா படித்துவிட்டுச் சிரித்தார்.

"இதுக்கு எதுக்குத் தம்பி டாக்டரு? கொழுந்து பாக்குற வேலைதானே!"

மறுநாள் முதல் கூடையோடு ஆளையும் சோதித்தார். "ஒன்னோடது நல்ல கொழுந்து, போ. நீ இங்க வா. இது முத்தல், ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டு." என் கழுத்து மச்சமும் முத்தலில் சேர்ந்தது. லொறி டிரைவர் சுனிலின் காதோரம் ஒரு கறுப்பைக் கண்டு பதறியவர், கொழுந்துகூட ஏற்றவிடாமல் அவனை விரட்டினார். ஆஸ்பத்திரியில் நர்ஸ் பஞ்சால் துடைத்ததும் மச்சம் பஞ்சோடு வந்துவிட்டது. பாதைக்குப் போடும் தார்! சுனில் திரும்பி வந்து, "மாத்தயா, இப்ப மச்சம் இல்ல. கொழுந்து ஏத்தவா?" என்று கேட்டான்.

கோயில் திருவிழாவுக்கு ஓர் அரசியல்வாதி வந்தார். அந்த மாதம்தான் கட்சி மாறியிருந்தார். மாலை போடப் போன ஐயா, அவர் கன்னத்து மச்சத்தருகே கண்ணைக் கொண்டுபோய், "திடீர்னு மாறுனா ஆபத்துங்க" என்றார். அவர் போட்டுத் தருவதாகச் சொன்ன கொங்கிறீட் எங்கள் பாதைக்கு இன்னும் வரவில்லை. ஐயா வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தாலும் வந்திருக்காது என்பது வேறு விஷயம்.

ஆஸ்பத்திரியில் தோல் டாக்டர் யாழ்ப்பாணத்து அம்மா. என் கழுத்தைப் பார்த்ததும் பெருமூச்சு விட்டார். "இது சாதாரண மச்சம், தம்பி. ஆர் உங்கட தோட்டத்தில இருந்து இப்பிடி ஆக்களை அனுப்புறது? சிலதைக் கண்ணால பாத்துச் சொல்லவே ஏலாது. வெட்டிச் சோதிச்சாலும் சிலது பிடி குடுக்காது."

வந்து ஐயாவிடம் சொன்னேன். "அந்தம்மாவுக்குக் கொழுந்து பாத்துப் பழக்கமில்ல" என்று முடித்துவிட்டார்.

அடைமழைக் காலம். ஒருநாள் மடுவத்தில் ஐயாவின் பூட்ஸுக்குள் அட்டை புகுந்துவிட்டது. துள்ளிக் குதித்துப் பூட்ஸைக் கழற்றி அட்டையைப் பிடுங்கி எறிந்தார். குதிகாலில் கறுப்பாக ஒரு படை தெரிந்தது. கோணல், பிசிறு, ஒரு பக்கம் தவிட்டு நிறம். முந்தின நாள்தான் நிறையைப் பறிகொடுத்திருந்த ராமாயி குனிந்து பார்த்தாள்.

"இது என்னாங்கய்யா?"

"அட்டை கடிச்ச பழைய தழும்பு."

"அட்டைத் தழும்பு எங்க காலு பூராக் கெடக்குதுங்க. வளராதே? இது போன வருசமும் இம்புட்டு இருந்துச்சா?"

ஐயா காலைத் திருப்பித் தானே குனிந்து பார்த்தார். பெண்கள் கூடிவிட்டார்கள். பாதிப் பேர் நல்ல கொழுந்து என்றார்கள், பாதிப் பேர் முத்தல் என்றார்கள். "கழிச்சிருவோமா?" என்று ஒருத்தி கேட்க, மடுவமே சிரித்தது. பிறகு அவர் முகத்தைப் பார்த்துச் சிரிப்பு நின்றது.

மறுநாள் பஸ்ஸில் நான்தான் துணை. ஆஸ்பத்திரி நெருங்கும்போது ஐயா என் கையைப் பிடித்தார். "தம்பி, நல்ல கொழுந்தா இருக்கும்ல?"

டாக்டரம்மா அப்படியும் சொல்லவில்லை, இப்படியும் சொல்லவில்லை. சிறு துண்டு வெட்டிக் கொழும்புக்கு அனுப்பினார். அங்கே ஒரு நிபுணர் வெறும் மச்சம் என்றாராம், இன்னொருவர் புற்றுநோய் என்றாராம். எங்கள் மடுவம் மாதிரியேதான். "சந்தேகம் எண்டபடியால் சுத்திவர அகலமா வெட்டுவம். பிறகும் ஒழுங்கா வந்து காட்ட வேணும்" என்றார் டாக்டரம்மா. வெட்டினார்கள். தொடைத் தோலை எடுத்து ஒட்டினார்கள்.

நொண்டிக்கொண்டு திரும்பியவருக்குப் பெருமை தாங்கவில்லை. "கொழும்பு டாக்டருங்களே என் காலப் பாத்துக் கொழம்பிட்டாங்க, தெரியுமா?"

ஆனால் மடுவத்தில் ஆள் மாறிவிட்டார். ஒரு பிடி அள்ளுகிறார். பார்க்கிறார். திருப்பிப் பார்க்கிறார். "இது... சரியாத் தெரியல. கழிக்காத தம்பி." தோட்டத்தை நடத்தும் துரைக்கு இது பிடிக்கவில்லை. யாராவது மச்சத்தைக் காட்டினால், "எனக்குத் தெரியாதும்மா, டாக்டர்கிட்ட காட்டு" என்கிறார்.

கிளினிக்குக்கு முந்தின சாயங்காலம் மட்டும், யாரும் கேட்காமலே தராசுப் பக்கத்தில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றுவார். ராமாயி கொழுந்துக் கறை படிந்த விரலால் குதிகாலைத் தடவிப் பார்ப்பாள். "எல்லாம் நல்ல கொழுந்துதாங்க. தைரியமாப் போயிட்டு வாங்க." அவளுக்கு என்ன தெரியும் என்று ஒருவரும் கேட்பதில்லை.

மறுநாள் அவருடைய பஸ் வந்து சேரும்வரை யாரும் கூடையை நிறுக்கத் தருவதில்லை. முன்பு அவர் மாற்றலுக்காக மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டவர்களும் அந்த வரிசையில்தான் நிற்கிறார்கள். நானும் தராசைத் தொடுவதில்லை.