முப்பதாயிரத்து முப்பத்தொன்று

கணிதத்தில் நான் பொய் சொன்னது ஒரே ஒரு முறைதான். அதையும் மைக் பிடித்துச் சொன்னேன்.

போர்ட் பிளேரில் பி.எஸ்சி. இரண்டாம் ஆண்டு. எண் கோட்பாட்டில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று (நான் மட்டும்) நம்பிய காலம். துறைக் கருத்தரங்கில் நன்றாகப் பேசும் ஒருவரை மெயின்லேண்டில் கோடைப் பயிற்சிக்கு அனுப்புவார்கள். மனதுக்குள் பெட்டியே கட்டிவிட்டேன். பாராடாங் தீவில் டைல்ஸ் ஒட்டும் அப்பாவையும் வரச் சொன்னேன். படகில் கடந்து, பஸ் பிடித்து, இஸ்திரி போட்ட சட்டையோடு முன்வரிசையில் வந்து உட்கார்ந்தார்.

தலைப்பு, பகா எண்களுக்கு முடிவில்லை என்பது. இரண்டிலிருந்து பதின்மூன்று வரையுள்ள பகா எண்களைப் பெருக்கி, ஒன்றைக் கூட்டி, 30031 என்று பலகையில் எழுதி வட்டம் போட்டேன்.

"இதுவும் பகா எண். எதாலும் வகுபடாது!"

"பக்கா?" என்றார் எங்கள் வங்காளி மேடம்.

"ஏக்தம் பக்கா, மேடம்!" (வகுத்துப் பார்த்தேனா? பதினேழிலேயே கை வலித்துவிட்டது.)

அப்பா குனிந்து செல்போனைத் தட்டிக்கொண்டிருந்தார். மகள் பேசும்போது என்ன வாட்ஸ்அப் என்று எனக்கு எரிச்சல். திடீரென்று எழுந்தார்.

"பாப்பா, அம்பத்தொம்போதால வகுத்தா மிச்சமில்லாம போகுதும்மா."

"சரியா அமுக்குங்கப்பா!"

"மூணு தடவ அமுக்கிட்டேன். ஐநூத்தி ஒம்போது வருது. ஊருல போய்ப் பெருமையா சொல்லலாமேன்னுதான் ஒவ்வொண்ணா போட்டுப் பாத்தேன்…"

அரங்கம் அதிர்ந்து சிரித்தது. மேடம் மட்டும் எழுந்து, ஐம்பத்தொன்பது, ஐநூற்றொன்பது இரண்டும் என் பட்டியலில் இல்லாத புதிய பகா எண்கள்தானே, நிரூபணமே அதுதான், நான் விட்டதை அப்பா முடித்துவிட்டார் என்று இந்தியில் விளக்கினார். கைதட்டல் முழுவதும் அப்பாவுக்கு. பயிற்சிக்கு வேறொருத்தி போனாள்.

"நான் வாய மூடிட்டு இருந்திருக்கணும்" என்று பஸ் ஸ்டாண்டு வரை அப்பா புலம்பினார். நான் அழுதுகொண்டே அவர் வாங்கித் தந்த இரண்டு சமோசாவையும் தின்றேன்.

பிறகு என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள், "எங்க பையனுக்கு ஒரு கெட்ட பழக்கமும் கிடையாது" என்றார்கள்.

அப்பா நிதானமாகப் போனை எடுத்தார். "அம்பத்தொம்போது வரைக்கும் வகுத்துப் பாத்தீங்களா?"

ஏதோ ஜாதகக் கணக்கு என்று நினைத்து, அவர்கள் பயபக்தியோடு தலையாட்டினார்கள்.