டவர் ஓட்டாத விமானம்

விமானத்தில் ஒரு தடவைகூட ஏறாமல், அதிக விமானங்களைக் கீழே விழ வைத்த மனிதர் யார் என்று உலகத்தில் எவராவது போட்டி வைத்தால் கோப்பை நேராக ஆவடிக்குத்தான் வரும். கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ளத்தான் டவர் இப்போது இல்லை.

அவருடைய நிஜப் பெயர் அவர் வேலை பார்த்த தொழிற்சாலைக்கும் அவர் மனைவி சரசா அண்ணிக்கும் மட்டுமே தெரியும். ஆறடிக்கு மேல் உயரம் என்பதால் 'டவர்' என்று பெயர் வந்ததாகச் சிலர் சொல்வார்கள். அது பாதிக் காரணம்தான். ரிமோட்டைக் கையில் எடுத்ததும் வானத்தைப் பார்த்து, "ஆவடி டவர், ஆவடி டவர், நான் கெளம்புறேன், வழி உடு!" என்று உரக்க அனுமதி கேட்பார். பதில் வராது. "சரின்னுட்டான்" என்று எங்களிடம் சொல்லிவிட்டு விமானத்தைக் கிளப்புவார். கேட்டவர், கொடுத்தவர் இருவரும் அவரேதான்.

வாரத்தில் ஆறு நாள் அவருக்கு ராணுவ டாங்கி செய்யும் வேலை. நாற்பது டன் இரும்போடு மல்லுக்கட்டிவிட்டு, ஏழாவது நாள் உள்ளங்கையில் ஏந்தக்கூடிய தெர்மாகோல் விமானத்தோடு மைதானத்துக்கு வருவார். ஏன் என்று ஒருமுறை கேட்டேன்.

"ஆறு நாளும் எது செஞ்சாலும் தரையிலயே ஓடுது மாமே. ஒண்ணாச்சும் மேல போவ வேணாமா?"

போகும். அதிலெல்லாம் குறையே இல்லை. இறங்குவதில்தான் சிக்கல். டவரின் விமானங்கள் தரையைத் தொடாது; தரையை அடிக்கும். 'டமால்' என்று ஒரு சத்தம், கொஞ்சம் புழுதி, பிறகு டவரின் குரல்: "தரை இன்னும் கொஞ்சம் கீழ இருந்திருக்கணும்."

எங்கள் கிளப்புக்கு ஒரு நீளமான ஆங்கிலப் பெயர் உண்டு. அதை ரப்பர் ஸ்டாம்பில் மட்டும்தான் பார்த்திருக்கிறேன். மற்றபடி 'பிளேன் கோஷ்டி' என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். ஆரம்பித்தவர் டவர். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையில் உதிரி பாகங்களை அளந்து பார்க்கும் இன்ஸ்பெக்டராக இருந்த நான் மூன்றாவது உறுப்பினர். முகப்பேரில் கிளினிக் வைத்திருந்த பல் டாக்டர் ஐந்தாவது. கோஷ்டி அதிகபட்சமாகப் பதினொரு பேர் வரை வளர்ந்தது. பிறகு மாற்றல், கல்யாணம், முதுகுவலி என்று தேய்ந்து, கடைசியில் டவர், டாக்டர், நான் என மூன்று பேரில் வந்து நின்றது.

தொடங்கியது அம்பத்தூரில், ஒரு காலி மனையில். அங்கே அடுக்குமாடி வந்தது. முகப்பேருக்குப் போனோம். அங்கேயும் வந்தது. பூந்தமல்லிப் பக்கம் ஒரு பொட்டல் கிடைத்தது. நாங்கள் புல் வெட்டி முடிப்பதற்குள் அங்கே பள்ளிக்கூடம் எழும்பிவிட்டது. "நம்ம எங்க போறோம்னு பாத்துகினே பின்னாடி வர்றானுங்கடா" என்பார் டவர். கடைசியில் திருமழிசையைத் தாண்டி, வருஷத்தில் எட்டு மாதம் காய்ந்து கிடக்கும் ஓர் ஏரியின் உள்வாயில் போய்ச் சேர்ந்தோம். சுற்றிலும் கருவேலம் புதர். ஒரு ஓரத்தில் கீரைத் தோட்டம். எருமைகளை ஓரம்கட்டிவிட்டு, துடைப்பத்தால் பெருக்கி ஓடுபாதை போட்டோம்.

அம்பத்தூரில் இருந்த ஆரம்ப நாட்களில் ஒரு ஞாயிறு, டவரின் விமானம் ஒன்று காற்றோடு போய் ஆவடி எல்லையில் ஓர் ஆயுதப்படை முகாமின் மதில்சுவருக்குள் இறங்கிவிட்டது. துப்பாக்கி வைத்திருப்பவர்களிடம் யார் போய்க் கேட்பது என்று நாங்கள் பின்வாங்கினோம். டவர் நேராக வாசலுக்குப் போனார்.

"சார், நம்ம பிளேன் உங்க ஊட்டுக்குள்ள எறங்கிடுச்சு."

காவலர் மதுரைப் பக்கத்துக்காரர். நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். "பிளேனா? எத்தனை பேருய்யா உள்ள இருந்தாக?"

"ஒருத்தரும் இல்ல."

"பைலட்டு?"

"நான்தான்."

"நீ வெளிய நிக்கிறியேய்யா!"

"ஆமா சார். அதான் இப்ப பிரச்சனையே."

அவரை மத்தியானம் வரை ஒரு ஸ்டூலில் உட்கார வைத்துவிட்டார்கள். நாங்கள் ஜாமீனுக்கு யாரைப் பிடிப்பது என்று பேசிக்கொண்டிருந்தபோது, ஒரு கையில் ஒடிந்த விமானமும் இன்னொரு கையில் பூரிப் பொட்டலமுமாக டவர் வெளியே வந்தார். "நல்ல மனுசனுங்கப்பா. கெழங்கு கொஞ்சம் உப்பு கம்மி" என்றார்.

யாராவது 'பொம்மை விமானம்' என்று சொல்லிவிட்டால் மட்டும் அவருக்குக் கோபம் வரும். "பொம்மைன்றது கீழ வெச்சு ஆடுறது. இது மேல போவுதுல்ல?" விழுந்து நொறுங்கியதைத் தூக்கி எறிய மாட்டார். வீட்டுக்குக் கொண்டுபோய் ஒட்டுவார். கிழிந்த இறக்கைக்கு சரசா அண்ணி ரவிக்கை லைனிங் துணி கொடுப்பார். அதனால் டவரின் விமானங்கள் மாம்பழ மஞ்சள், கிளிப் பச்சை என்று ஜவுளிக்கடை போல இருக்கும்.

அண்ணி மைதானத்துக்கு வந்ததே இல்லை. "புருசன் விழறதைப் பார்த்தாலும் பார்ப்பேன், எந்துணி விழறதைப் பார்க்க மாட்டேன்" என்பார்.

டவர் ஓய்வு பெற்று இரண்டு வருஷம் ஆகியிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மஞ்சள் இறக்கை விமானத்தைக் கிளப்பினார். அது ஏறிய வேகத்தில் பக்கவாட்டில் சரிந்து கருவேலம் புதரில் போய் விழுந்தது. ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. எடுத்து வரலாம் என்று டாக்டரும் நானும் நடக்கத் தொடங்கினோம். திரும்பிப் பார்த்தால், டவர் அண்ணாந்து நின்றுகொண்டு ரிமோட்டை இயக்கிக்கொண்டிருக்கிறார்.

"ஆவடி டவர், லெஃப்ட்ல திரும்புறேன். காத்து சூப்பரா கீது!"

கிண்டல் செய்கிறார் என்று நினைத்து நாங்கள் இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. கழுத்தை மெல்லத் திருப்பி, எதையோ பின்தொடர்ந்துகொண்டிருந்தார். அப்போதுதான் எனக்கு அந்தச் சத்தம் கேட்டது. கீரைத் தோட்டத்தில் யாரோ தண்ணீர் இறைக்க டீசல் மோட்டார் போட்டிருந்தார்கள். காற்று அடிக்கும் திசைக்கேற்ப அந்தச் சத்தம் கூடிக் குறைந்தது. டவர் அந்த மோட்டாரைத்தான் ஓட்டிக்கொண்டிருந்தார்.

எங்கள் சிரிப்பு எப்போது நின்றது என்று தெரியவில்லை. மோட்டாரை நிறுத்தினார்கள். டவரின் முகம் மாறியது. "எஞ்சின் ஆஃப் ஆயிடுச்சு… எங்க எறங்குது? டாக்டரு, எங்க எறங்குது?"

"புதர்ல சார்" என்றார் டாக்டர். "இப்பதான் விழுந்துச்சு."

எனக்குத் தெரிந்து டாக்டர் சொன்ன முதல் பொய் அது. "நான் பொய்யே சொல்றதில்ல, 'வலிக்காது'ன்றதைத் தவிர" என்று பெருமையடித்துக்கொள்கிறவர் அவர்.

மறுநாள் சரசா அண்ணி என் வீட்டுக்கு வந்தார். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார்.

"கண்ணுல ஏதோ அழுத்தமாம் தம்பி. நரம்பே காஞ்சிடுச்சுன்னு எக்மோர் கண்ணாஸ்பத்திரில சொல்லிட்டாங்க. வெளிச்சம் தெரியுது, எதிர்ல நிக்கிற ஆளு நெழலா தெரியுது. அவ்ளோதான். போனது திரும்பாதாம். உங்களான்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்காரு."

"எவ்வளவு நாளா அண்ணி?"

"ஒரு வருசமா மறைச்சிகினு இருந்திருக்காரு, என்னான்டயே." முந்தானையால் மூக்கைத் துடைத்தார். "ஞாயித்துக்கெழமையை மட்டும் அவருகிட்டருந்து புடுங்கிடாதீங்க தம்பி. அது ஒண்ணுக்காகத்தான் எந்திரிக்கிறாரு."

டாக்டரும் நானும் அவருடைய கிளினிக்கில், பல் பிடுங்கும் நாற்காலிக்கு இருபுறமும் நின்று பேசினோம். முகம்கூடச் சரியாகத் தெரியாதவர் கையில் விமானத்தைக் கொடுக்க முடியாது. ஏரிக்குள் ஆடுமாடு மேய்ப்பவர்கள் வருவார்கள், சுழலும் விசிறி விரலைச் சீவிவிடும். கொடுக்காமல் இருக்கவும் முடியாது. கடைசியில் டாக்டர்தான் வழி சொன்னார். விமானத்தை என்னுடைய ரிமோட்டோடு இணைத்துவிடுவது. டவர் அவருடைய ரிமோட்டைப் பிடித்துக்கொண்டிருக்கட்டும். அவர் செய்வதை அப்படியே நான் பின்னால் நின்று செய்ய வேண்டும்.

கேட்கும்போது சுலபமாக இருந்தது. "லெஃப்ட்ல திரும்புறேன்" என்று டவர் வாய்விட்டு அறிவிப்பதால் பாதி வேலை முடிந்துவிடும். அறிவிக்காமல் செய்வதற்கு டாக்டர். அவர் டவரின் கட்டைவிரலைப் பார்த்தபடி பக்கத்தில் நிற்பார். விரல் இடப்புறம் போனால் என் இடது விலாவில் ஒரு குத்து, வலப்புறம் போனால் வலது விலாவில் ஒரு குத்து. முதல் மாதம் நான் இரண்டு பக்கமும் தைலம் தேய்த்துக்கொண்டுதான் தூங்கினேன். ஒருநாள் டவர் தும்மினார். கட்டைவிரல் துள்ளியது. டாக்டர் கடமை தவறாமல் குத்தினார். அந்தத் தும்மலுக்கும் வானத்தில் ஒரு வளைவு போட்டேன்.

"எப்படி வந்துச்சு?" என்று கேட்டார் டவர்.

"பிரமாதம் சார்" என்றார் டாக்டர்.

டாக்டரின் காரில்தான் அவரை அழைத்துப் போய்க் கொண்டுவிடுவோம். காரில் ஏறும்போது கதவைத் தடவுவார், நாங்கள் பார்க்காத மாதிரி வேறு பக்கம் பார்ப்போம். மைதானத்தில் அவர் கால் இடறினால், "இந்தக் கல்லு வேற!" என்று நானும் ஒரு தடவை தடுக்கிக்கொள்வேன். ஏறக்குறைய ஒரு வருஷம் இப்படிப் போனது.

ஒரு மார்கழிக் காலை. காற்றே இல்லை. விமானம் அழகாக இறங்கி, ஓடுபாதையில் ஓடி, டவரின் காலடிக்குக் கொஞ்ச தூரத்தில் வந்து நின்றது. டவர் ரிமோட்டைக் கையில் வைத்தபடி சும்மா நின்றார்.

"மாமே, நீ நல்லா ஓட்டுற."

டாக்டர்தான் ஏதோ சமாளிக்கப் பார்த்தார். "சார், நீங்கதானே…"

டவர் ரிமோட்டைத் திருப்பி, பின்மூடியைத் தள்ளிக் காட்டினார். உள்ளே பேட்டரி இல்லை. வெறும் பள்ளம்.

"எட்டு மாசமா போடல" என்றார்.

"எப்படி சார் கண்டுபிடிச்சீங்க?"

"டாக்டரு, இருவது வருசமா நான் எறக்குனா 'டமால்'னு ஒரு சத்தம் வரும். திடீர்னு பூ மாதிரி எறங்குது. நான் இன்னா, கண்ணு போனப்புறம்தான் ஓட்டக் கத்துகினனா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே அழுதேன் என்று எழுதினால் மிகையாக இருக்கும். ஆனால் அப்படித்தான் நடந்தது.

"அப்பவே சொல்லியிருக்கலாமே அண்ணே" என்றேன்.

"சொல்லிட்டா நீங்க உட்டுடுவீங்க. அப்புறம் உங்க ரெண்டு பேருக்கும் என்னிய இட்டுகினு வர்றதுக்குக் காரணம் இருக்காது." என் குரல் வந்த திசையில் கையை நீட்டி, தோளைத் தேடிப் பிடித்தார். "உனக்கு வெலா வலிக்கும்னு தெரியும். டாக்டரு குத்துற சத்தம் எனக்கே கேக்குது. இன்னிக்குச் சொல்லிடலாம்னு இருந்துச்சு, சொல்லிட்டேன். இனிமே நீ உன் இஷ்டத்துக்கு ஓட்டு."

"ஞாயித்துக்கிழமை வண்டி வரும் சார்" என்றார் டாக்டர். "ஏழு மணிக்கு. எப்பவும் போல."

ஞாயிறுதோறும் வண்டி போனது. டவர் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். மோட்டார் சத்தத்தை வைத்தே, "மூக்கைத் தூக்குற, நின்னுடும், எறக்கு எறக்கு!" என்று என்னைத் திட்டுவார். திட்டுவது பெரும்பாலும் சரியாக இருக்கும். சரசா அண்ணியும் வர ஆரம்பித்தார். முதல் நாள் வந்தவர், தன் கிளிப் பச்சை லைனிங் துணி வானத்தில் போவதை வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "இவ்ளோ மேலயா போவுது?" என்று டவரிடம் கேட்டார். "நீ சொல்லு, எவ்ளோ மேல போவுது?" என்று டவர் திருப்பிக் கேட்டார். அண்ணி சொல்லச் சொல்ல அவர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார்.

போன ஆடியில், ஒரு செவ்வாய்க்கிழமை, காபி குடித்துக்கொண்டிருந்தவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்தார். ஆஸ்பத்திரி வரைக்கும்கூடப் போகவில்லை.

நாங்கள் போனபோது தெரு முழுக்கத் தொழிற்சாலை ஆட்கள். பந்தல், நாற்காலி, பறையோசை. அவருடைய உறவினர்களில் ஒருவரைக்கூட எங்களுக்குத் தெரியாது. இத்தனை வருஷத்தில் அவர் வீட்டு விசேஷம் எதற்கும் நாங்கள் போனதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. எங்களுக்கு அவரைத் தெரிந்ததெல்லாம் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் மட்டும்தான். தயங்கி ஓரமாக நின்றோம்.

வாய்க்கரிசி போட உறவுக்காரர்களைக் கூப்பிட்டார்கள். வரிசை முடிந்தது. அரிசித் தட்டை வைத்திருந்த பெரியவர், இன்னும் நகராமல் நின்ற எங்களைப் பார்த்தார்.

"நீங்க அவருக்கு இன்னா வேணும்?"

கிளப் உறுப்பினர்கள் என்று சொல்ல வாய் வரவில்லை. அண்ணி டவரின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார். தலையைத் தூக்காமலே சொன்னார்.

"தம்பிங்க. குடு."

பெரியவர் தட்டை எங்கள் பக்கம் நீட்டினார்.