மனிசிக்கும் ஒரு கை

டென்மார்க்கிலை சனநாயகத்தை முழுசாய் நம்பின மனிசன் ஒரே ஒராள்தான். அவர் எங்கடை சங்கக்கடையார். டெனிஷ்காரர் கோவிச்சால் கோவிக்கட்டும்.

ஊரிலை சங்கக்கடை, அதுதான் கூட்டுறவுக் கடை, அதிலை மனேச்சராய் இருந்தவர், அதாலை அந்தப் பேர். ஹோர்சன்ஸ் பட்டினத்திலை ஒரே ஃபிளாட்டிலை ஒண்டாய்க் கிடந்து எழும்பின எனக்கே அவற்றை சொந்தப் பேர் மறந்துபோச்சு. எண்பதுகளின்ரை கடைசி அது. மனிசி பிள்ளையளைக் கூப்பிட நாங்கள் போட்ட விண்ணப்பங்கள் கோப்பன்ஹேகனிலை அசையாமல் கிடந்த காலம். நீதி அமைச்சிலை வேணுமெண்டுதான் அசைக்காமல் வைச்சிருந்தவை எண்டு பிறகுதான் நாடே அறிஞ்சுது. எங்களுக்கு அப்ப ஒண்டும் விளங்கேல்லை. மனிசிமார் அங்கை, நாங்கள் இஞ்சை, அவ்வளவுதான்.

சங்கக்கடையாரோடை ஒரு வீட்டிலை இருக்கிறதெண்டால் பாராளுமன்றத்துக்கை குடியிருக்கிற மாதிரி. பருப்போ கிழங்கோ எண்டதுக்கும் கை தூக்கவேணும். வேலையாலை வந்து பசியிலை, “அண்ணை, எதையெண்டாலும் காய்ச்சுங்கோ” எண்டால், “தம்பி, ‘எதையெண்டாலும்’ எண்டு ஒரு பிரேரணை கிடையாது” எண்டுவார். எனக்குப் பத்திக்கொண்டு வரும். ஆனால் ஆள் நல்லாய்ச் சமைப்பார், அதாலை அடி வாங்காமல் தப்பினார்.

எங்களுக்கு வேலையோ ஃபக்டரியிலை பன்றி இறைச்சி பெட்டியிலை அடைக்கிறது. சங்கக்கடையாரோ முட்டையும் தொடாத சைவக்காரன்! அங்கை ஒரு மேற்பார்வையாளர், எங்கள் எல்லாரையும் ஒரே பேராலைதான் கூப்பிடுவான். ஆர் ஆரெண்டு பாக்கிற பொறுமை அவனுக்கு இல்லை.

ஒருநாள் சங்கக்கடையார் மூச்சு வாங்க ஓடி வந்தார். “தம்பி, அந்த மூலைக் கடை இருக்கெல்லோ, அதுக்கு முதலாளி இல்லையாம்! சேர்ந்தவை எல்லாரும்தான் சொந்தக்காரராம். அட, இது எங்கடை சங்கக்கடையடா!”

அண்டைக்கே தானும் சேர்ந்து, எங்கள் எல்லாரையும் சேர்த்து, யாழ்ப்பாணத்திலை இருக்கிற மனிசியையும் சேர்த்துப் போட்டார்.

“அவ இன்னும் வரேல்லையே அண்ணை?”

“வந்து இறங்கினவுடனை சாமான் வாங்க வேண்டாமே?”

பொதுக்கூட்டத்துக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார். கோப்பியும் கேக்கும் தருவினம் எண்டபடியாலை நானும் போனன். பாத்தால், முன்வரிசையிலை எங்கடை மேற்பார்வையாளர்! சங்கக்கடையார் என்ரை காதுக்குள்ளை, “பாத்தியோ, இஞ்சை அவனுக்கும் ஒரு கை, எனக்கும் ஒரு கை” எண்டார். கடையிலை மூட்டை அரிசி விக்கவேணும் எண்டு உடைஞ்ச டெனிஷிலை ஒரு பிரேரணை வைச்சார். வெண்டுது. அவனும் கை தூக்கினான்.

அடுத்தது, சைக்கிள் விடுற இடத்தைக் கடைக்குப் பின்னாலை மாத்திறது. தலைவி கிர்ஸ்டன், தபால் வேலையாலை ஓய்வு பெற்ற மனிசி, “ஆதரவு?” எண்டு கேட்டா. சங்கக்கடையார் கை தூக்கினார். “எதிர்ப்பு?” எண்டா. அதுக்கும் தூக்கினார்.

“இரண்டுக்கும் தூக்கிறீங்களே?”

“முதல் தூக்கினது என்ரை கை. இது என்ரை மனிசியின்ரை. அவவும் மெம்பர்தான். நான் சொன்ன ஒண்டுக்கும் அவ ஓம் எண்டு சொன்னதில்லை.”

சபை விழுந்து விழுந்து சிரிச்சுது. எனக்கெண்டால் மேசைக்குக் கீழை பூந்திடலாம் போலை வெக்கம்.

கிர்ஸ்டனும் சிரிச்சுக்கொண்டு, “ஆனால் அவ இஞ்சை இல்லையே?” எண்டா.

“ஓம் அம்மா. அதைத்தான் நானும் கேட்டுக்கொண்டிருக்கிறன். அவ ஏன் இஞ்சை இல்லை?”

சிரிப்பு நிண்டுபோச்சு. எங்கடை கதை அங்கை கனபேருக்கு அப்பதான் தெரியவந்தது. எங்கடை மெம்பர் ஒராளை ஏன் வர விடுகினமில்லை எண்டு கடை கோப்பன்ஹேகனுக்குக் கேட்டு எழுதவேணும் எண்டா கிர்ஸ்டன். ஒரு கிழவர், “கடையிலை அரசியல் வேண்டாம்” எண்டார். வாக்குக்கு விட்டினம். ஒவ்வொரு கையாய் எழும்பிச்சுது. மேற்பார்வையாளர் கன நேரம் யோசிச்சுப் போட்டுத் தூக்கினான்.

“நாடு எனக்கு வாக்குத் தரேல்லை தம்பி, கடை தந்திட்டுது” எண்டு வழி நெடுகச் சொல்லிக்கொண்டு வந்தார்.

கடை எழுதிச்சுது. பதிலில்லை. கிர்ஸ்டன் ஃபோன் எடுத்துச் சத்தம் போட்டுப் பாத்தா. “பரிசீலனையிலை இருக்கு” எண்டதுக்கு மேலை ஒரு சொல்லும் வரேல்லை.

பிறகு ஊரிலையிருந்து செய்தி வந்தது. சங்கக்கடையாற்றை மனிசிக்குக் காய்ச்சலாம். ஊரடங்கு நேரமாம், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஏலாமல் போச்சாம். அண்டைக்குச் சங்கக்கடையார் குசினிக்குள்ளை போய் எங்களுக்குக் காய்ச்சினார். என்ன காய்ச்சிறது எண்டு ஒருத்தரையும் கேக்கேல்லை.

அவ வரலாம் எண்ட அனுமதி அதுக்குப் பிறகு வந்தது. நான்தான் வாசிச்சுச் சொன்னனான். பாவி நான், அதையும் சொல்லவேண்டி வந்தது.

அடுத்த பொதுக்கூட்டத்திலை சங்கக்கடையார் கழுத்திலை ரை கட்டிக்கொண்டு எழும்பினார். “என்ரை மனிசியின்ரை பேரை எடுத்துவிடவேணும். செத்தவை மெம்பராய் இருக்கேலாது. ஊரிலையும் அதுதான் சட்டம்.”

“வேண்டாமே” எண்டா கிர்ஸ்டன்.

“பிரேரணை வைச்சால் வாக்குக்கு விடவேணும் அம்மா.”

கிர்ஸ்டன், “ஆதரவு?” எண்டா. சங்கக்கடையாற்றை கை ஒண்டுதான் எழும்பிச்சுது. “எதிர்ப்பு?” சபை முழுக்கக் கை. அரசியல் வேண்டாம் எண்ட கிழவரும் தூக்கினார். மேற்பார்வையாளரும் தூக்கினான்.

சங்கக்கடையார் திரும்பி ஒவ்வொருத்தராய்ப் பாத்தார். “சபையின்ரை முடிவு. நான் கட்டுப்படுறன்” எண்டு சொல்லிக் கதிரையிலை இருந்தார். இருந்தவர் முகத்தைப் பொத்திக்கொண்டு அழத் தொடங்கினார். செய்தி வந்த நாளிலையிருந்து அவர் அழுதது அண்டைக்குத்தான்.

சட்டப்படி பாத்தால் அவர் சொன்னதுதான் சரி. ஆனால் அண்டைக்கு அவருக்கு எதிராய்க் கை தூக்கினதுக்கு நான் ஒருநாளும் கவலைப்பட்டதில்லை.