முந்நூற்றுப் பன்னிரண்டு பிள்ளையார் சுழிகள்

சில வேலைகளைக் கை செய்துவிடும். தலைக்குத் தகவல் பிறகுதான் வரும். அப்படி என் கை இந்த நாட்டு அரசாங்கத்தின் ஆவணங்களில் செய்த காரியத்தை இன்று ஒப்புக்கொள்கிறேன். (என் பெயரைக் கேட்காதீர்கள். ஒப்பந்தம் இன்னும் வருடாவருடம்தான் நீள்கிறது.)

மிசிசாகாவில் ஒரு கிடங்கில் பத்து வருடம் பெட்டி அடுக்கியபின், ரொறன்ரோவில் ஓர் ஆவணக் காப்பகத்தில் எனக்கு ஆறு மாத வேலை கிடைத்தது. (அங்கேயும் பெட்டிதான். ஆனால் இந்தப் பெட்டிகளுக்குக் குளிரூட்டி வைத்திருந்தார்கள்.) யாழ்ப்பாணத்தில் எழுதுவினைஞராக இருந்தவனுக்கு மறுபடி மேசையும் கதிரையும் கிடைத்ததில் தலைகால் புரியவில்லை. வேலை திருப்தியாக இருந்தால் நிரந்தரமாக்கலாம் என்றார் மேலாளர் லிண்டா. என் மனைவி சுமதி நாங்கள் இருக்கும் மல்வேர்ன் பகுதி முழுக்க ஒரே நாளில் செய்தியைப் பரப்பிவிட்டாள்.

"இவருக்கு நூதனசாலைப் பேப்பருகளோடை வேலை. இனி இடுப்புநோ எண்டு படுக்கமாட்டார்."

என்னிடம் வந்தவை, அருங்காட்சியகம் நடத்தி, ஊர் ஊராக நினைவுப் பலகையும் நாட்டிய அரச நிறுவனம் ஒன்றின் பழைய கோப்புகள். ஒவ்வொன்றிலும் முதல் தாளின் மூலையில் பென்சிலால் எண் இடவேண்டும். அவ்வளவுதான். ஆனால் நான் வாசிக்கத் தொடங்கிவிட்டேன். நாற்பது சொல் எழுதிய பலகைக்கு ஒரு சாண் உயரக் கோப்பு! பாலம் கட்டியவரின் பெயரில் ஓர் எழுத்துப் பிழை என்று அவருடைய மகள் கடிதம் போட்டிருக்கிறாள். அரசாங்கம் மன்னிப்புக் கேட்டு, பலகையைக் கழற்றி, புதிதாக வார்த்து நாட்டியிருக்கிறது. மகளின் நன்றிக் கடிதம் இருக்கிறது. அது வந்த உறையும் இருக்கிறது.

பிறப்புச் சான்றிதழ் இல்லாமல் வந்து, நான் பிறந்தது உண்மைதான் என்று சத்தியக் கடதாசி கொடுத்தவன் நான். இங்கே ஓர் உறைக்குக்கூட இடம் இருந்தது. சப்பாத்தைக் கழற்றாத குறையாகத்தான் தினமும் அந்த அறைக்குள் போய்வந்தேன். அந்தப் பக்திதான் வினையாயிற்று.

இரண்டு மாதம் கழித்து லிண்டா அவசரமாகக் கூட்டம் கூட்டினார். அந்த நிறுவனத்தின் வரலாற்றைக் கரைத்துக் குடித்த மூத்த ஆவணக்காரர் டேவிட் வந்திருந்தார். எனக்குக் குறிப்பெடுக்கும் பொறுப்பு. டேவிட் திரையில் ஒரு தாளைப் பெரிதாக்கிக் காட்டினார். உச்சியில், நடுவில், சின்னதாக ஒரு 'உ'.

எழுதத் தொடங்குமுன் பிள்ளையார் சுழி போடுவது எனக்கு மூச்சு விடுவதுபோல. கடைச் சாமான் பட்டியலில் போடுவேன். வருமான வரிப் படிவத்திலும் போட்டிருக்கிறேன். இங்கேயும் எண் போடுமுன் கை தன் பாட்டுக்குப் போட்டிருக்கிறது.

"முந்நூற்றுப் பன்னிரண்டு கோப்புகள். ஒரே குறி, ஒரே கை," என்றார் டேவிட். "அந்தக் காலத்தில் இரகசியமாக ஏதோ தரம் பிரித்திருக்கிறார்கள். இதுவரை எவரும் கவனிக்கவில்லை."

இரண்டு வாரமாக உருப்பெருக்கியும் கையுமாக இருந்திருக்கிறார், பாவம். எழுதப்போகும் கட்டுரைக்குத் தலைப்பும் வைத்துவிட்டார்.

சொல்லிவிட வாய் திறந்தேன். நிரந்தர வேலை கண்முன் வந்தது, மூடினேன். மறுபடி திறப்பதற்குள், பக்கத்தில் இருந்த லிண்டா என் குறிப்புத் தாளை எட்டிப் பார்த்தார். அதன் உச்சியிலும், நடுவில், சின்னதாக அதே 'உ' இருந்தது. லிண்டா திரையைப் பார்த்தார். என் தாளைப் பார்த்தார். மறுபடி திரையைப் பார்த்தார்.

"இது என்ன?"

"எங்கள் கடவுள்," என்றேன். "வேலை தடங்கலில்லாமல் நடப்பதற்கு."

டேவிட் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார். எல்லாவற்றையும் நானே அழிக்கவேண்டும், டேவிட் ஒவ்வொரு தாளாகச் சரிபார்ப்பார், வேலையைப் பற்றி அதன்பிறகு பேசலாம் என்று லிண்டா கூட்டத்தை முடித்தார்.

வீட்டில் சுமதி தலையில் கை வைத்தாள். "பிள்ளையாரைக் கொண்டுபோய் எதுக்கப்பா அங்கை இருத்தினனீங்கள்?"

"அப்பா, யூ வாண்டலைஸ்ட் கனடா! நாட்டையே கிறுக்கிப் பழுதாக்கிட்டீங்கள்!" என்றாள் மகள் ஆரணி.

அன்றிலிருந்து வீட்டில் எந்தப் படிவம் வந்தாலும் ஆரணி, "அப்பான்ர பேனையைப் பறியுங்கோ!" என்று கத்துவாள். தன் வீட்டுப் பத்திரத்தில் கையெழுத்துப் போடப் போனபோது என்னைக் காருக்குள்ளேயே இருக்கவைத்தாள். விருந்தாளிகள் வந்தால் சுமதி இந்தக் கதையை எடுப்பாள். அழிறப்பரும் கையுமாக நான் நாலு நாள் கடவுளை அழித்த இடத்தோடு எல்லோரும் சிரித்துச் சிரித்துச் சாப்பிட எழும்பிவிடுவார்கள். மிச்சத்தைச் சொல்ல என்னை ஒருவரும் விடுவதில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

நாலாம் நாள், எதிரே இருந்த டேவிட் ஒரு கோப்பின் நடுவிலிருந்து ஒரு தாளை என் பக்கம் தள்ளினார். "இதையும் அழியுங்கள்."

எண்பதுகளில் தட்டச்சு செய்த, பழுதான நினைவுப் பலகைகளின் பட்டியல். உச்சியில் 'உ'. அழிறப்பரை வைத்தவன் நிறுத்திவிட்டேன். அது நீல மை. நான் உள்தாள் எதையும் தொட்டதில்லை. என் சுழிக்கு வாலும் கட்டை. இதற்கு நீண்டு, கீழே இரண்டு புள்ளிகளும் இருந்தன.

"இது நான் போட்டதில்லை," என்றேன்.

டேவிட் முதலில் நம்பவில்லை. பிறகு உருப்பெருக்கியை எடுத்தார். தாளை மெஷினில் சொருகுமுன் பேனையால் போட்டிருக்கவேண்டும். அடியில் தட்டச்சு செய்தவரின் இரண்டு முதலெழுத்துகள் மட்டும் இருந்தன. ஆணா பெண்ணா தெரியாது. அந்தக் காலத்தில் எங்கள் ஆட்கள் வந்திறங்கிய பார்க்டேலில் நாலு பேரோடு ஓர் அறையில் இருந்து, குளிரில் பஸ் பிடித்து வந்த யாரோ. இந்தக் கோப்புகளுக்குள் எங்கள் ஆட்களில் முதலில் நுழைந்தவன் நான்தான் என்று நினைத்திருந்தேன்.

"அப்படியானால் என் கட்டுரை முழுப் பொய்யில்லை," என்று டேவிட் முதல்தடவையாகச் சிரித்தார். தாளைப் பத்திரமாக உள்ளே வைத்து, விவரக்குறிப்புப் படிவத்தை என்னிடம் தந்தார். "நீங்களே எழுதுங்கள்."

'தாளின் மேலே ஒரு குறி. தமிழர் எழுதத் தொடங்குமுன் இடுவது. இட்டவர் பெயர் தெரியவில்லை' என்று எழுதினேன். அதை எழுதப் பென்சிலை எடுத்தபோது டேவிட் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் நேரே முதல் சொல்லில்தான் தொடங்கினேன். அந்தக் கோப்புக்குச் சுழி முன்பே போட்டாயிற்று.