பட்டாணியின் நல்லி எலும்பு

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் பட்டாணியைப் போல ஒரு ஏமாற்றுப் பேர்வழி பிறந்ததுமில்லை, இனிப் பிறக்கப் போவதுமில்லை.

பட்டாணியிலிருந்து புரதத்தைப் பிரித்து, சூடாக அழுத்தி, கறித்துண்டு மாதிரி வெட்டி அனுப்புகிற ஆலை எங்களுடையது. அந்த மெஷினை ஓட்டியதால் அவருக்கு அந்தப் பெயர். பழவேற்காட்டுக்காரர். சட்டைப்பையில் எப்போதும் அந்தப் போலிக் கறி நாலு துண்டு இருக்கும். லோக்கல் ரயிலில் பக்கத்து சீட்டுக்காரர் கையில் திணித்து, இது என்ன கறி என்று பரீட்சை வைப்பார். இதற்குப் பயந்தே பொன்னேரியில் சிலர் பெட்டி மாறி ஏறுவார்கள்.

நான் அங்கே ருசி பார்க்கும் அதிகாரி. 'அசல் கறியின் பக்கத்தில்கூட வராது' என்று வாராவாரம் கையெழுத்துப் போட்டவன். பட்டாணி என்னை முறைத்துவிட்டுப் போவார்.

போன வருஷம் எனக்கு நெஞ்சுவலி வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். இனி மட்டனைத் தொட்டால் நேராகச் சுடுகாடுதான் என்றார் டாக்டர். என் மனைவி கறிச்சட்டியையே அடுத்த வீட்டுக்குத் தானம் செய்துவிட்டாள். பாழும் நாக்கு கேட்குமா? ஒரு வாய் அசல் மட்டனுக்காகப் பட்டாணியின் காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். மூன்று நாள் யோசித்துவிட்டு, புதன்கிழமைதோறும் ரகசியமாக மட்டன் குழம்பு கொண்டுவர ஆரம்பித்தார். மேலே கம்பீரமாக ஒரு நல்லி எலும்பு. தட்டித் தட்டிப் பார்த்தாலும் உள்ளே ஒன்றும் இருக்காது. இந்தக் காலத்து ஆடுகளைத் திட்டிக்கொண்டே உறிஞ்சுவேன். நாய்க்கு வேண்டுமென்று எலும்பை அவர் திரும்ப வாங்கிக்கொள்வார்.

ஆறு மாதம் கழித்து ரத்தப் பரிசோதனை. தொலைந்தோம் என்று உட்கார்ந்திருந்தேன். டாக்டர் எழுந்து கை கொடுத்தார். கொழுப்பு நன்றாக இறங்கியிருக்கிறதாம். வாராவாரம் மட்டன் தின்றவனுக்கு எப்படி இறங்கும்? நேராக ஆலைக்குப் போய்ப் பட்டாணியைப் பிடித்து உலுக்கினேன்.

"எல்லாம் நம்ம மெஷின்ல வந்ததுதான் சார். ரெண்டு வாட்டி ஊற வெச்சுப் புழிஞ்சா பட்டாணி வாசன பூடும்."

"அப்போ எலும்பு?"

"அது அசலு. ஆறு மாசமா அதே எலும்புதான். கழுவிக் கழுவி வெச்சிக்கினு கீறேன்."

ஒரே எலும்பை ஆறு மாதம் உறிஞ்சியிருக்கிறேன். அதுவும் ருசி பார்க்கச் சம்பளம் வாங்குகிறவன். ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கத்தினேன். அவர் மெஷினிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"குட்த்தா நீங்க செத்துப்பூடுவீங்க. குடுக்கலன்னா வேற எங்கனா போய்த் துண்ணுடுவீங்க. நான் இன்னா சார் பண்றது?"

நெஞ்சில் என்னவோ வந்து அடைத்தது. அதை மட்டும் நான் டாக்டரிடம் சொல்லவில்லை.